சப்வேயிலிருந்து பரையா வரை: வியாசர்பாடியில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் பொருளும் பிழையும்

மழை வலுத்தால் வியாசர்பாடியில் வண்டியை எடுப்பவர் முதலில் கேட்பது, "கணேசபுரம் சப்வேயில தண்ணி நிக்குதா?" என்பதுதான். ரயில் பாதைக்கு அடியில் புகுந்து வெளியேறும் அந்தச் சாலை, பெருமழைக்கு முதலில் மூழ்கும் இடங்களில் ஒன்று. என் மாலை வகுப்பில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் நியூயார்க் நகரைப் பற்றிய ஆங்கிலப் பத்தியை வாசித்துக்கொண்டிருந்தான். அங்கே மக்கள் சப்வேயில் அலுவலகம் போவதாக ஒரு வரி வந்தது. நிமிர்ந்து பார்த்து, "அங்கயும் தண்ணி நிக்குமா சார்?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவன் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. சப்வே என்றால் அடிவழி. நியூயார்க்கில் அது பூமிக்குள் ஓடும் ரயில். லண்டனில் சாலையின் குறுக்கே நடந்து கடக்கும் சுரங்க நடை. சென்னையில் பேருந்தும் லாரியும் இறங்கி ஏறும் பள்ளம். சொல் ஒன்றுதான், அது போன ஊரெல்லாம் அந்தந்த ஊர்த் தரையைப் பார்த்துப் பொருள் எடுத்துக்கொண்டது.

இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆங்கிலச் சொற்களைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகின்றன என்று இந்த ஆண்டுகளில் தெரிந்துகொண்டேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. இன்று, இந்தத் தெருவில், அதற்கு என்ன பொருள் என்பது இன்னொன்று. யாருக்கு எழுதும்போது எப்படி ஆள்வது சரி என்பது மூன்றாவது. ஒன்றின் விடையைக் கொண்டுவந்து மற்றொன்றின் மேல் வைப்பதால்தான் பிள்ளைகள் அவமானப்படுகிறார்கள், பெரியவர்கள் பொய்ப் பெருமை பேசுகிறார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வடசென்னையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இடப் பெயர்கள். பேசின் பிரிட்ஜ் என்று நாள்தோறும் சொல்கிறோம். பேசின் என்றதும் பிள்ளைகளுக்குக் கை கழுவும் தொட்டிதான் நினைவுக்கு வரும். கால்வாயில் படகுகள் வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்குவதற்கான அகன்ற நீர்நிலைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். பாலத்துக்குப் பெயர் கொடுத்தது அதுதான். படகுப் போக்குவரத்து போய்விட்டது, பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே சரக்கு ரயில் முற்றம், சால்ட் கொட்டார்ஸ். இதில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கொட்டாரம் என்றால் களஞ்சியம். உப்புக் கொட்டாரத்தின் முன்பாதியை மொழிபெயர்த்துவிட்டு, பின்பாதியை அப்படியே வைத்து, ஆங்கிலப் பன்மை விகுதியையும் ஒட்டிவிட்டார்கள்.

ராயபுரத்தை 'ராயல்' என்ற சொல்லோடு முடிச்சுப் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதற்கும் அரச குலத்துக்கும் தொடர்பில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்பார்கள். அவர் பெயரால் எழுந்த கோயிலும் அங்கே இருக்கிறது. அதே ராயபுரத்தில் உள்ள மணேகார் சவுல்ட்ரி என்ற பெயரை முதன்முதலாக ஆங்கில எழுத்தில் பார்க்கும் எவரும் அது ஏதோ வெள்ளைக்காரர் பெயர் என்றுதான் நினைப்பார்கள். அது மணியக்காரர் சத்திரம். 1782இல் பஞ்சத்தில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதன் மருத்துவ வேர்தான் பின்னால் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. ஆவணங்களில் ஸ்டான்லி என்ற ஆளுநரின் பெயர் ஏறிவிட்டது. எங்கள் பாட்டிமார் கடைசிவரை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொன்னார்கள். எது அந்த இடத்தின் வரலாற்றை அதிகம் சொல்கிறது என்று கேட்டால், பாட்டியின் சொல்தான்.

ஒரு சொல் மொழி மாறி மொழி போய்த் திரும்பும்போது என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் எல்லாரும் சொல்லும் சான்று ஹாமில்டன் பாலம். அது நம் பகுதி இல்லை, ராயப்பேட்டைப் பக்கம். ஹாமில்டன் என்ற பெயர் மக்கள் வாயில் அம்பட்டன் ஆயிற்று. அம்பட்டன் வாராவதியை யாரோ மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றியபோது பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆயிற்று. ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறது. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான நூல் அது. அதன் தலைப்பே இப்படிப்பட்ட ஒரு திரிபுதான். மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஓலம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்தது. படிக்காத தமிழர் மட்டுமே சொல்லைக் கெடுப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தத் தலைப்பைத்தான் காட்டுவேன். பழக்கமில்லாத ஒலியைத் தெரிந்த ஒலியாகக் கேட்பது எல்லா மனிதக் காதுக்கும் உரிய இயல்பு.

இனி உழைப்பின் சொற்கள். வடசென்னை ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்ததைவிட ஆலைவாசலில் கற்றது அதிகம். ஷிஃப்டு, ஓ.டி., கேட் பாஸ், பி.எஃப். ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவரும் பொருள் சொல்வார். பெரம்பூரில் 'கேரேஜ்ல வேலை' என்றால் கார் பழுது பார்க்கும் இடத்தில் வேலை என்று பொருளல்ல. ரயில் பெட்டித் தொழிற்சாலையான கேரியேஜ் ஒர்க்ஸ் அது. 'மில்லு' என்றால் இங்கே ஒரு காலத்தில் ஒன்றுதான், பின்னி. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மாவரைக்கும் திரிகையில் தொடங்கியது. பின்னர் நீராலும் நீராவியாலும் ஓடும் எந்த ஆலைக்கும் பரவியது. 'கேஷுவல்' என்ற சொல் அகராதியில் இயல்பாக, இறுக்கமில்லாமல் இருப்பதைக் குறிக்கும். எண்ணூரில் 'அவர் கேஷுவல்' என்றால் நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாமல் இன்று தூங்கப் போகிறவர் என்று பொருள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'விழுவது, தற்செயலாக நேர்வது' என்ற பொருள் உண்டு. எண்ணூர்ப் பொருள் அந்த வேருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

ஸ்டிரைக் என்ற சொல் கடலிலிருந்து வந்தது. 1768இல் கூலி குறைவை எதிர்த்த லண்டன் மாலுமிகள் கப்பல்களின் பாய்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் மொழியில் ஸ்டிரைக். பாய் இறங்கினால் கப்பல் நகராது. அந்தக் கடற்சொல் 150 ஆண்டுகளுக்குப் பிறகு துறைமுக ஊரான நம் ஊருக்கு வந்து நெசவாலை வாசலில் நின்றது. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வேலைநிறுத்தம், கதவடைப்பு போன்ற சொற்கள் இத்தகைய சங்க மேடைகளின் வழியாகத்தான் மக்கள் பேச்சில் வேரூன்றின. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் செய்தவர்கள் பொருளைப் பிடித்தார்கள், படிமத்தை விட்டுவிட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. பாய்மரத்தை இழுத்து வந்திருந்தால் பின்னித் தொழிலாளிக்கு என்ன புரிந்திருக்கும்?

என்னை நெடுநாள் யோசிக்க வைத்த சொல் கருங்காலி. வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவரை ஆங்கிலத்தில் பிளாக்லெக் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்தில் ஏமாற்றுபவருக்கு இருந்த பெயர் அது. அடுத்த நூற்றாண்டில் வேலைநிறுத்தத் துரோகிக்கு ஆனது. பிளாக் என்றால் கருமை, லெக் என்றால் கால். தமிழில் கருங்காலி. ஆனால் கருங்காலி என்பது உலக்கைக்குப் பேர்போன வைரம் பாய்ந்த மரம். ஆங்கிலேயர் வருவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் இருந்த பெயர். அப்படியானால் பிளாக்லெக் என்பதைத் தமிழாக்கியபோது இந்தச் சொல் வந்ததா, கோடாரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்ற நம் ஊர்க் கதையிலிருந்து வந்ததா? இரண்டும் சேர்ந்துதான் என்பது என் துணிபு. சங்கப் பேச்சில் ஆங்கிலச் சொல் ஒலித்திருக்கும். தமிழில் அதற்குச் சமமாக நின்ற சொல் ஏற்கெனவே ஒரு மரத்தின் பெயராக இருந்தது. கோடாரிக் காம்பு என்ற வழக்கு துரோகத்துக்கு ஆயத்தமாகக் காத்திருந்தது. வேர்கள் இரண்டும் ஒரே இடத்தில் பின்னிக்கொண்டன. சொற்பிறப்பியலில் இப்படிப்பட்ட சந்திப்புகள் நிறைய. ஒரு சொல்லுக்கு ஒரே தந்தைதான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

இந்தச் சொல்லின் பிறப்பைவிட அதன் ஆட்சி கனமானது. 1921இல் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். பசியும் கடனும், சங்கத்துக்குள்ளேயே இருந்த சாதி இடைவெளியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அத்தனை பேரையும் 'கருங்காலி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டால் அந்த ஆண்டை நாம் புரிந்துகொள்ளவே முடியாது. சொல் சரியானதாகவே இருக்கலாம். அதைச் சூட்டும் இடம் தவறாகிவிடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றைப் பற்றி மேடைகளில் பேசும்போது கைதட்டல் எளிதாகக் கிடைக்கும். கறி, சுருட்டு, அணைக்கட்டு, வெட்டிவேர், கஞ்சி, மாங்காய், மிளகுத்தண்ணீர் எல்லாம் உறுதியானவை, பல போர்த்துகீசியர் வாய்வழியே போனவை. இவற்றில் நான் நின்று பேச விரும்புவது கட்டுமரம். 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். மரங்களைக் கயிற்றால் கட்டி, வேண்டாதபோது அவிழ்த்து வெயிலில் காய வைக்கும் அந்த மிதவையைக் காசிமேட்டுப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1876இல் அமெரிக்காவில் நத்தனேல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட அமரில்லிஸ் என்ற பாய்ப்படகைக் கட்டிப் பந்தயத்தில் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளினார். அந்த வகைப் படகுக்குக் கட்டமரான் என்ற பெயர் நிலைத்தது. இன்று உலகம் முழுதும் கட்டமரான் என்றால் இரண்டு உடல் கொண்ட சொகுசுப் படகு. கட்டிய மரம் அதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் இதே சொல்லை ஆண்டார்கள். ஒரு மாணவி போட்டித் தேர்வில் கட்டமரான் என்றால் மரத்தைக் கட்டிய மிதவை என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். பிறப்பைக் கேட்டிருந்தால் அவள் விடை முழுச் சரி. கேட்டது இன்றைய பொருளை. இழந்த மதிப்பெண்ணைவிட, தன் தாத்தா கடலுக்குப் போன கலத்தைப் பற்றிய அறிவு அந்தத் தாளில் பிழையாக எண்ணப்பட்டது அவளை அதிகம் வருத்தியது. இரண்டு பொருளையும் இரண்டு தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பெருமைக்குக் கணக்கும் வேண்டும். ஆங்கிலக் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்தது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது பெட்டி என்ற பொருள் கொண்ட லத்தீன் காப்சா. நம் காசிலிருந்து போன 'கேஷ்' வேறொன்று, சென்னையில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றுவிட்டன. தேவநேயப் பாவாணரின் உழைப்பை நான் மதிக்கிறேன். தமிழ் வேர்களை அவரளவு தோண்டியவர் அரிது. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. எந்த நூற்றாண்டில், யார் வழியாக, எந்தப் பொருளில் ஒரு சொல் கடந்தது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டக் கூடியவை நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. காட்ட முடியாதவற்றைச் சேர்த்துச் சொல்வதால் உண்மையானவையும் ஐயத்துக்கு ஆளாகின்றன.

எழுத்துகளை விரித்துப் பிறப்புச் சொல்லும் கதைகளையும் நான் எளிதில் நம்புவதில்லை. 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல், இந்தியாவுக்கு வரும் கப்பலில் வெயில் படாத பக்கத்து அறைச் சீட்டில் அச்சிட்ட நான்கு முதலெழுத்துகளால் பிறந்ததாம். அழகான கதை, அப்படி ஒரு சீட்டு கிடைக்கவில்லை. நம் 'ஓசி'யும் கம்பெனித் தபாலில் அஞ்சல் கட்டணமில்லை என்று குறித்த எழுத்துகளிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆவணம் ஒன்று கையில் கிடைக்கும் வரை அதைக் கதை என்றே மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால் எம்.கே.பி. நகர் உண்மையிலேயே முதலெழுத்துப் பெயர்தான். மகாகவி பாரதி நகரில் குடியிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்த மூன்று எழுத்துக்குள் பாரதி இருப்பது தெரியாது. தெரிந்த நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வடசென்னைப் பேச்சு ஆங்கிலச் சொல்லை எடுக்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்திலிருந்து பெயரை மட்டும் வாங்கி, வினையைத் தமிழில் வைத்துக்கொள்கிறது. பிட் அடிக்கிறான், சீன் போடுறான், பீட்டர் விடுறான், பல்பு வாங்கினான். அடி, போடு, விடு, வாங்கு என்ற நான்கு வினைகளுக்குள் எத்தனை நுட்பம்! சீனைப் 'போடுகிறவன்' வேண்டுமென்றே செய்கிறான். பல்பை 'வாங்கியவன்' பாவம், மாட்டிக்கொண்டான். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள் இலக்கணத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். அதேவேளை, இந்தப் பல்பை ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால் படிப்பவருக்கு விளக்கு மட்டுமே தெரியும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி, சரியான ஆட்சி. என் பழைய மாணவன் ஒருவன் வேலைக்கான நேர்காணலில், தான் 2019இல் 'பாஸ்ட் அவுட்' என்று சொன்னான். மேசைக்கு அப்பால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பன்னாட்டு வழக்கில் அதற்கு மயங்கி விழுந்தான் என்று பொருள். வெளியே வந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவன் குரல் உடைந்திருந்தது. அவன் சொன்னதற்கு முறையான பிறப்பு உண்டு. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி முடிப்பவர்களின் அணிவகுப்புக்கு இன்றும் பாஸிங் அவுட் என்றுதான் பெயர். படைமுகாமிலிருந்து கல்லூரிக்கு வந்த வழக்கு அது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கூட அப்படித்தான். ஸ்டேஷன் என்பது கம்பெனி அதிகாரியும் படையும் தங்கிய ஊர். 'எக்ஸ்பயர்டு' என்ற சொல்லும் மூச்சை வெளிவிட்டார் என்ற மதிப்பான லத்தீன் வழக்கிலிருந்து வந்தது. இன்று வெளிநாட்டவர் அதைப் பால் பாக்கெட்டின் தேதியோடு சேர்த்தே படிப்பார். ஆகவே பாட்டி இறந்த செய்தியை எழுதும் விடுப்புக் கடிதத்தில் 'டைடு' என்றே எழுதச் சொல்கிறேன். அன்று அவர்கள் அந்த இளைஞனைத் திருத்தியிருக்கலாம். சிரித்ததற்குக் காரணம் அவன் ஆங்கிலத்தைவிட அவன் முகவரிதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

மரபுத்தொடர்களை நான் படமாகத்தான் சொல்லித் தருகிறேன். 'பதினோராவது மணி' என்ற ஆங்கிலத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்று பலர் நினைக்கிறார்கள். விடியலிலிருந்து எண்ணினால் அது மாலை ஐந்து மணி. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் கூலிக்கு ஆள் எடுக்கிறார். மாலை ஐந்துக்கு எடுத்தவருக்கும் நாள் முழுதும் உழைத்தவருக்கும் ஒரே கூலி. காலையில் சாந்துச்சட்டியோடு சாலையோரம் ஆளெடுப்புக்காக நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஒருமுறை சொன்னால் போதும். தொடரை மறக்கமாட்டார்கள், தவறாகவும் ஆளமாட்டார்கள். 'டேக்கன் அபேக்' என்பதற்குக் காசிமேட்டுப் பிள்ளையே விளக்கம் சொன்னான். காற்று திடீரென்று எதிரே திரும்பிப் பாயை மரத்தோடு அடிக்கும்போது படகு அப்படியே நிற்குமாம்.

கடைசியாக, நான் எளிதாகக் கடந்துபோக முடியாத ஒரு சொல். பரையா. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. அகராதிகள் பறை என்ற கருவியோடு சேர்த்து இதன் பிறப்பைச் சொல்கின்றன. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு ஒரு குடியின் பெயராக இது வருகிறது. ஐரோப்பாவில் 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் தெ சென்-பியேர் எழுதிய கதை இதைப் பரப்பியது. கெதே கூட இந்தப் பெயரில் கவிதை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுப் பொருள் நிலைத்தது. தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அந்தப் பெயரை ஒட்டினார்கள். இது தவறான ஆட்சி என்பதை யூலும் பர்னலும் 1886இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு சாதியின் பெயரை, சாதியிலிருந்து விலக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆள்கிறார்கள் என்று அவர்கள் சுட்டினார்கள். அந்த அகராதி அச்சாகி ஏழு ஆண்டுகளில், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் அதே பெயரைத் தலைப்பாக வைத்துச் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தாளின் நெற்றியில் எழுதிய செயல் அது. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தம் இதழுக்குப் பெயரிட்டு, தம் மக்களைப் பூர்வ பௌத்தராகவும் தமிழராகவும் அழைத்தார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. சொற்பொருள் ஆராய்ச்சியை உயிர்ப்பிரச்சினையாக நடத்தியவர்கள் இவர்கள். எந்த அகராதிக் குழுவுக்கும் குறையாத உழைப்பு அது.

ஆங்கிலச் செய்தித்தாள்களோ இன்றும் ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் 'பரையா ஸ்டேட்' என்று தலைப்பிடுகின்றன. அகராதி அனுமதிக்கிறது, இலக்கணப் பிழையும் இல்லை. கடந்த ஆண்டு என் வகுப்பில் தலையங்கம் ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி அந்த இடத்தில் நின்றாள். "சார், இது எங்கள சொல்ற வார்த்தையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது எப்படி அங்கே போனது என்று ஒரு மணி நேரம் சொன்னேன். 1613 வாக்கில் தொடங்கி 1922 வரை கரும்பலகை நிறைந்தது. அன்றைய பயிற்சி, அந்தத் தலையங்கத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவது. எல்லாத் தாளும் வந்து சேர்ந்த பிறகு அவளுடையதைப் பார்த்தேன். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் 'ஐசொலேட்டட்' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் சிறியதாக, 'பறையன், வார இதழ் அல்லது மாத இதழ்? 1893, சென்னை. தேடிப் படிக்கணும்' என்று ஒரு குறிப்பு. சுருக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. அவற்றை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.